எண்ணப்படாத சேனை

தமிழ் விவிலியத்தில் ‘சேனை’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடினால் ஒரு விசித்திரம் தெரியும். யோவேல் புத்தகத்தில் சேனை என்பது வயலை மொட்டையடிக்கும் வெட்டுக்கிளிக் கூட்டம். யாத்திராகமத்தில் அதே சொல், புளிக்காத மாவைத் தோளில் கட்டிக்கொண்டு எகிப்திலிருந்து வெளியேறும் அடிமைகளைக் குறிக்கிறது. எசேக்கியேலில், பள்ளத்தாக்கில் காய்ந்து கிடந்து பிறகு உயிர்பெற்று எழும் எலும்புகள் சேனையாகின்றன. கடவுளின் பட்டங்களில் ஒன்றும் ‘சேனைகளின் கர்த்தர்’தான். பயிரைத் தின்னும் பூச்சி, தப்பி ஓடும் கூலி, செத்துப்போனவன், வானத்தில் இருப்பவர் என்று எல்லாருக்கும் ஒரே சொல்.

மொழிபெயர்த்தவர்களின் சோம்பல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. எபிரேய மூலத்தில் இந்த இடங்களில் வரும் சொற்கள் இரண்டு. இரண்டுமே படையைக் குறிப்பவைதான். அந்த நூல்களை எழுதிய மக்கள் ஒரு சின்ன இனம். ஒரு பக்கம் எகிப்து, இன்னொரு பக்கம் அசீரியா, பிறகு பாபிலோன். படையெடுப்பு அவர்களுக்கு உருவகம் இல்லை. நமக்கு வெள்ளம் மாதிரி, சில வருடங்களுக்கு ஒருமுறை வாசல்வரை வந்து போகிற விஷயம். அதனால்தான் கூட்டம் என்று எதைப் பார்த்தாலும் அவர்களுக்குப் படை ஞாபகம் வருகிறது.

எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள். நான் விவிலியத்தை ஒரு பழைய இலக்கியமாகத்தான் படிக்கிறேன். அப்படிப் படிக்கும்போது, அதில் வரும் பெருங்கூட்டங்களும் படைகளும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதாகத் தோன்றுகிறது. ஒரு கூட்டத்தை யார் எண்ணுகிறார்கள்? எதற்காக எண்ணுகிறார்கள்?

*

முதலில் எண்ணியவன் ஒரு ராஜா. யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் எகிப்துக்கு ஒரு புது அரசன் வருகிறான். எபிரேயர்கள் நம்மைவிடப் பெருகிவிட்டார்கள், நாளைக்கே ஒரு போர் வந்தால் எதிரியோடு சேர்ந்துகொள்வார்கள் என்று பயப்படுகிறான். அவர்கள் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. களிமண்ணும் செங்கலும்தான். ஆனால் அவன் கண்ணுக்கு அது ஏற்கெனவே படை. ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் ஆணை அந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது.

இந்த அதிகாரத்தை எழுதியவர் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்திருக்கிறார். ராஜாவின் பெயரை அவர் சொல்லவே இல்லை. அது எந்தப் பார்வோன் என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். ஆனால் அந்த ஆணையை மீறிய இரண்டு மருத்துவச்சிகளின் பெயர் இருக்கிறது: சிப்பிராள், பூவாள். கூட்டத்தைக் கூட்டமாகப் பார்த்தவனுக்குப் பெயர் இல்லை. ஒவ்வொரு குழந்தையாகக் கையில் ஏந்தியவர்களுக்குப் பெயர் உண்டு.

எண்ணாகமத்தில் இந்தப் பயம் மறுபடி வருகிறது. நாற்பது வருடம் வனாந்தரத்தில் அலைந்த இஸ்ரவேலர்கள் மோவாப் எல்லையில் கூடாரம் போடுகிறார்கள். மோவாபின் ராஜா பாலாக் நடுங்குகிறான். மாடு புல்லை மேய்ந்துவிடுவது மாதிரி இவர்கள் நம்மைச் சுற்றியுள்ளதையெல்லாம் மேய்ந்துவிடுவார்கள் என்கிறான். இவர்கள் நிலத்தின் முகத்தையே மறைத்துவிட்டதாகவும் சொல்கிறான். எபிரேயத்தில் அந்தத் தொடர் முன்பே ஓரிடத்தில் வந்திருக்கிறது. எகிப்தின்மேல் இறங்கிய வெட்டுக்கிளிகளைச் சொல்லும்போது. ஆக, அடிமைகளை விடுவிக்க வந்த வெட்டுக்கிளியின் வர்ணனை, இப்போது அந்த அடிமைகளின் தலையிலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இதே மக்கள் கானான் நாட்டை வேவு பார்த்துவிட்டு வந்தபோது, அங்குள்ளவர்கள் முன்னால் நாங்கள் வெட்டுக்கிளிகள் போல இருந்தோம் என்று சொன்னவர்கள். அங்கே வெட்டுக்கிளி என்றால் சிறுமை. பாலாக்கின் கண்ணுக்கு அதுவே பயங்கரம். பூச்சி ஒன்றுதான், எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த மனநிலையில் பார்க்கிறோம் என்பதுதான் வேறு.

தூரம் என்பதை நான் என் படிப்பிலிருந்தும் சொல்ல முடியும். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தபோது பாய்ம இயக்கவியலின் முதல் வகுப்பிலேயே ஒரு அனுமானத்தைச் சொல்லித் தருவார்கள். தண்ணீர் என்பது கோடானுகோடி மூலக்கூறுகள். ஆனால் கணக்குப் போடும்போது மூலக்கூறு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடு, எல்லாம் இடைவெளியில்லாத ஒரே பொருள் என்று வைத்துக்கொள். அப்போதுதான் அழுத்தம், வேகம், ஓட்டம் என்று பேச முடியும். குழாய்க்கு இந்த அனுமானம் அருமையாக வேலை செய்யும். ஆனால் மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள தூரத்தின் அளவுக்கு நீங்கள் கிட்டே போய்விட்டால் சமன்பாடு உடைந்துவிடும். மனிதர்களைப் பற்றி ‘அலை’, ‘வெள்ளம்’, ‘படையெடுப்பு’ என்று பேசுகிறவர்கள் எல்லாரும் இந்த அனுமானத்தைத்தான் செய்கிறார்கள். எட்டி நிற்கும்வரை அது செல்லும்.

எங்கள் லுக்குட் இப்படி எட்டி நின்று பார்க்கப்பட்டவர்களால் ஆன ஊர். ஈயத்துக்காகச் சீனர்கள் வந்தார்கள். ரியாவிலிருந்து வந்த பூகிஸ் வம்சத்து ராஜா ஜுமாஅத் 1847-இல் குன்றின்மேல் கோட்டை கட்டினார். அந்தக் கோட்டையின் மிச்சம் இன்னும் இருக்கிறது. ரப்பர் வந்தது, ரப்பருக்காகத் தமிழர்கள் வந்தார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். இப்போது செம்பனைக்காக இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் வருகிறார்கள். ஒவ்வொரு கூட்டத்தையும் முந்தி வந்தவர்கள் பாலாக் மாதிரிதான் பார்த்திருக்கிறார்கள். ‘பெண்டாத்தாங்’ என்ற சொல் இந்த நாட்டில் நம் காதில் எத்தனை தடவை விழுந்திருக்கும்? குடிமக்களில் 7 சதவீதம்கூட இல்லாத நாம் யாரை மூழ்கடிக்கப் போகிறோம்? 2007 நவம்பர் 25 அன்று ஹிண்ட்ராப் பேரணிக்காகக் கோலாலம்பூரில் கூடியவர்கள் காந்தி படத்தை ஏந்தியிருந்தார்கள். கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும்தான் கிடைத்தன. பார்வோனின் கணக்கில் வெறுங்கையோடு நிற்கும் கூட்டமும் படைதான்.

*

ஆனால் சில சமயம் வருவது நிஜமாகவே படை. அப்போது என்ன செய்வது? விவிலியம் இங்கே ஒரு ஆபத்தான பதிலைச் சொல்கிறது. வருகிற படை கடவுளின் கைப்பிரம்பு என்கிறது. ஏசாயாவுக்கு அசீரியா அப்படி. எரேமியாவுக்கு வடக்கிலிருந்து பொங்கி ஊற்றும் பானை பாபிலோன். நீ தப்பு செய்தாய், அதனால் படை வந்தது.

இதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தோற்றவர்கள் வழக்கமாக எதிரியைத்தான் திட்டுவார்கள். இவர்கள் தங்கள் ராஜாக்களைத் திட்டினார்கள், தங்கள் ஊரில் விதவைக்கும் ஏழைக்கும் நடந்த அநியாயத்தைப் பேசினார்கள். அதே ஏசாயா, பிரம்பாக வந்த அசீரியாவையும் விடவில்லை. கோடரி தன்னை வீசுகிறவனைவிடத் தான்தான் பெரியவன் என்று பீற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

இருந்தாலும் 1942-ஐ இந்தப் பதிலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது நிற்கமாட்டேன் என்கிறது. ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர், பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர். சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் தரப்புப் படை சுமார் 80,000. அவர்களை முற்றுகையிட்ட யமாஷிதாவின் படை அதில் பாதிகூட இல்லை. கிதியோன் 32,000 பேரை 300 ஆகக் குறைத்துக்கொண்டு மீதியானியரை விரட்டிய கதையை இங்கே அப்படியே திருப்பிப் போட்டதுபோல. அடுத்த மாதமே எங்கள் நெகிரி செம்பிலானில், கோலப்பிலா பக்கம் பாரிட் திங்கியிலும் தித்தி பக்கம் ஜூ லுங் லுங்கிலும் சீனக் கிராமத்து மக்கள் குழந்தை குட்டியோடு கொல்லப்பட்டார்கள். இது கைப்பிரம்பு என்றால் யார் செய்த தப்புக்கு? வெள்ளைக்காரத் துரையின் கர்வத்துக்கு அடி வாங்குவது மரவள்ளிக்கிழங்கு நட்டுப் பிழைத்த குடியானவனா?

இதைக் கேட்ட முதல் ஆள் நான் இல்லை. ஆபகூக் என்ற சின்னத் தீர்க்கதரிசி கேட்டிருக்கிறார். மூன்றே அதிகாரம் உள்ள புத்தகம். கல்தேயரை நான்தான் எழுப்புகிறேன் என்று கடவுள் சொன்னதும் ஆபகூக் மடங்கி விழவில்லை, வாதாடுகிறார். பொல்லாதவன் தன்னைவிட நல்லவனை விழுங்கும்போது எப்படிப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறீர்? மனுஷரைத் தலைவன் இல்லாத மீன்களைப்போல ஆக்கிவிட்டீரே, அவன் வலை வீசி அள்ளிக்கொண்டு போகிறானே என்கிறார். கேட்டுவிட்டுக் காவல்கோபுரத்தில் ஏறிப் பதிலுக்காக நிற்கிறார். காத்திரு என்றும் நீதிமான் விசுவாசத்தால் பிழைப்பான் என்றும் பதில் வருகிறது. கேள்வி கேட்ட அளவுக்கு அது பதிலாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கேள்வியைப் புனித நூலுக்குள்ளேயே அழிக்காமல் வைத்திருந்தார்களே, அது பெரிய விஷயம்.

*

வலை வீசி அள்ளிக்கொண்டு போனது நம் ஊரில் உவமை இல்லை. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்த கதை வல்லமையான நாவல்களாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ இரண்டையும் படிக்காதவர்கள் படிக்க வேண்டும். முதலில் நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், கொஞ்ச மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். மலாயாவிலிருந்து போன தொழிலாளர்கள் மட்டும் 70,000-க்கு மேல் என்று சொல்லப்படுகிறது. பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

என் பாட்டிக்கு அப்போது ஏழு வயது. அவருடைய அப்பா போனவர், திரும்பவில்லை. பாட்டி இதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். கேட்டால் ஒரே வாக்கியம்தான்: “போகையில கூட்டமா போனாங்கப்பா, வரையில ஒண்ணு ஒண்ணா வந்தாங்க.” அதற்குமேல் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

அந்த வாக்கியத்தில் இருக்கும் கணக்கு எந்த ஆவணத்திலும் இல்லை. அந்தப் பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல். இறந்தவர்கள் 12,000-க்கு மேல். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் ஒழுங்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 பேர், வரிசை வரிசையாக, ஒவ்வொருவருக்கும் ஒரு பலகை. கைதிகள் முகாமிலேயே அதிகாரிகள் ரகசியமாகப் பெயர்ப்பட்டியல் வைத்திருந்தார்கள். நம் ஆட்களுக்கு அப்படி எழுதி வைக்க யாரும் இல்லை. ஆசியத் தொழிலாளர் இறப்புக்குச் சொல்லப்படும் எண்கள் ஒன்றுக்கொன்று பல்லாயிரம் வித்தியாசப்படுகின்றன. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பல்லாயிரம் என்பது இங்கே இறந்தவர்களின் எண்ணிக்கை இல்லை, கணக்கில் உள்ள பிழையின் அளவு.

இத்தனைக்கும் தோட்டம் என்பது தினமும் தலை எண்ணப்படும் இடம். விடியற்காலைப் பெரட்டுக்கு வரவில்லையென்றால் செக்ரோலில் பெயர் விழாது, சம்பளம் கிடையாது. கிராணி எண்ணினார், கங்காணி எண்ணினார், ஜப்பான்காரனும் லோரியில் ஏற்றும்போது எண்ணித்தான் ஏற்றினான். எண்ணியது எல்லாம் வேலைக்கு. செத்த பிறகு எண்ண ஆள் இல்லை.

விவிலியத்துக்கு இந்த வித்தியாசம் தெரியும். தாவீது ராஜா தன் நாட்டின் ஆண்களை எண்ணச் சொல்கிறார். தளபதி யோவாபே வேண்டாம் என்கிறான். கேட்காமல் எண்ணுகிறார்கள், இஸ்ரவேலில் வாள் பிடிக்கத் தெரிந்தவர்கள் 8,00,000, யூதாவில் 5,00,000 என்று கணக்கு வருகிறது. உடனே தாவீதுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அது பாவம் என்று அவருக்கே தெரிந்துவிடுகிறது. தண்டனையாகக் கொள்ளைநோய் வந்து 70,000 பேர் சாகிறார்கள். எண்ணியவன் ராஜா, செத்தது எண்ணப்பட்டவர்கள். அப்போது தாவீது, தப்பு செய்தது நான், இந்த ஆடுகள் என்ன செய்தன என்று கேட்கிறார். ஆட்டிடையனாக இருந்து ராஜாவான ஆள். வாள்களாக எண்ணியபோது தெரியாதது, சாகும்போதுதான் ஆடுகளாகத் தெரிகிறது.

கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்திலும் இரண்டு பெருங்கூட்டங்கள் வருகின்றன. ஒன்று, உலகின் மூன்றில் ஒரு பங்கைக் கொல்ல வரும் குதிரைப்படை. அதற்கு எண் உண்டு: 20 கோடி. இன்னொன்று, வெள்ளை உடுத்தி நிற்கும் சகல ஜாதி, சகல மொழி மக்கள். அவர்களை ஒருவராலும் எண்ண முடியாது என்கிறது புத்தகம். சாவுக்குக் கணக்கு, வாழ்வுக்குக் கணக்கில்லை என்பது அழகான எண்ணம்தான். ஆனால் தோட்டத்திலிருந்து வந்த ஒருவனுக்கு அதை அப்படியே ஏற்றுக்கொள்வது கஷ்டம். எண்ண முடியாதவர்கள் வேறு, எண்ணப்படாதவர்கள் வேறு. முதலாவது மகிமை. இரண்டாவது, யாரும் அக்கறைப்படவில்லை என்பதற்குச் சான்று.

*

இங்கே நிறுத்தினால் நாம் எப்போதும் ஆடுகள், மற்றவர்கள் எப்போதும் படை என்று ஆகிவிடும். அது உண்மையில்லை.

1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தின்மேல் படையெடுத்தது. கடாரம் கொண்டான் என்ற பட்டத்தில் உள்ள கடாரம் நம்முடைய கெடாதான். மலேசியத் தமிழ் மேடைகளில் அந்தப் பெயர் வந்தாலே கைதட்டல் கேட்கும். ‘பெண்டாத்தாங்’ என்று திட்டு வாங்கிய நாட்டில், நாங்கள் கூலியாக வருவதற்கு முன்னாலேயே ராஜாவாக வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. அந்த ஆறுதல் எனக்குப் புரிகிறது. ஆனால் 1025-இல் அந்தக் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவனுக்கு, கடலில் தெரிந்த பாய்மரங்கள் எப்படி இருந்திருக்கும்? 1941-இல் கோத்தா பாருவில் தெரிந்ததுபோலத்தான் இருந்திருக்கும்.

விவிலியமும் இதே சிக்கலில் மாட்டியிருக்கிறது. எகிப்திலிருந்து ஓடிவந்த அடிமைகளின் பிள்ளைகள்தான் யோசுவா தலைமையில் எரிகோவுக்குள் புகுந்து ஆண், பெண், கிழவர், குழந்தை என்று பார்க்காமல் வெட்டினார்கள். பாலாக்கின் பயம் முழுப் பொய் இல்லை என்பதை அந்த நூலே காட்டிக்கொடுக்கிறது. இதைப் படித்துக் கூசாத பக்தி எனக்குப் புரிவதில்லை, கடாரத்தைச் சொல்லிக் கூசாத பெருமையும் அப்படித்தான்.

நம் மரபில் படையைப் பாடவென்றே ஒரு இலக்கிய வகை உண்டு. போரில் ஆயிரம் யானைகளைக் கொன்றவனுக்குப் பரணி பாடலாம் என்பது இலக்கணம். செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை அழித்ததைப் பாடினார். மொழியழகில் அதை மிஞ்சுவது கடினம். ஆனால் அந்தக் காவியம் எங்கே போய் முடிகிறது? போர்க்களத்தில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துப் பந்தி வைப்பதில். படை என்பதை முழுசாகப் பின்தொடர்ந்து போன கவிஞருக்குக் கடைசியில் கண்ணில் பட்டது ஒரு சமையல். மனிதர்கள் அங்கே உண்பவர்களாக இல்லை, உணவாக இருக்கிறார்கள்.

*

இதற்கு நேர்மாறான ஒரு சமையல் 2 இராஜாக்கள் புத்தகத்தின் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. நான் படித்த படைக் கதைகளிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான்.

சீரியாவின் ராஜா எலிசா என்ற தீர்க்கதரிசியைப் பிடிக்க ஒரு பெரிய படையை ராத்திரியோடு ராத்திரியாக அனுப்புகிறான். படை தோத்தான் ஊரைச் சூழ்ந்துகொள்கிறது. காலையில் வெளியே வந்த வேலைக்காரப் பையன் பதறிப்போகிறான். எலிசா அவன் கண் திறக்க வேண்டிக்கொள்கிறார். மலை முழுக்க அக்கினிக் குதிரைகளும் ரதங்களும் நிற்பது அவனுக்குத் தெரிகிறது. சினிமாவாக இருந்தால் அடுத்த காட்சியில் அந்த அக்கினிப் படை இறங்கி எதிரியைச் சாம்பலாக்கும். இங்கே அது அசையவே இல்லை. எலிசா, சீரியர்களின் கண் மறைக்கப்பட வேண்டிக்கொள்கிறார். பிறகு அவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி கூட்டிப்போய் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவின் நடுவில் நிறுத்துகிறார். கண் திறந்து பார்த்தால் எதிரி ஊருக்கு உள்ளே நிற்கிறார்கள்.

இஸ்ரவேல் ராஜாவுக்குக் கை பரபரக்கிறது. வெட்டட்டுமா, வெட்டட்டுமா என்று இரண்டு தடவை கேட்கிறான். எலிசா, வேண்டாம், அவர்களுக்கு அப்பமும் தண்ணீரும் வை, சாப்பிட்டுவிட்டுத் தங்கள் எஜமானிடம் போகட்டும் என்கிறார். ராஜா பெரிய விருந்தே வைக்கிறான். அவர்கள் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அந்தக் கொள்ளைக் கூட்டங்கள் அதன்பிறகு வரவில்லை என்று கதை முடிகிறது.

முடிகிறதா? அடுத்த வசனத்திலேயே சீரிய ராஜா பெனாதாத் தன் முழுப் படையோடு வந்து சமாரியாவை முற்றுகை போடுகிறான். பஞ்சத்தில் ஊரே சொல்லக் கூசும் காரியங்களைச் செய்கிறது. இதைத் தொகுத்தவர் இரண்டு கதைகளையும் ஒட்டினாற்போல் வைத்திருக்கிறார். சோறு போட்டால் போர் ஒழிந்துவிடும் என்ற போதனையாக நாம் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக என்றே நான் படித்துக்கொள்கிறேன். விருந்தின் பலன் நிரந்தரமில்லை. இருந்தாலும் விருந்து நடந்தது. அந்த ஒரு நாள் படை என்பது பசித்த ஆட்களாகக் கலைந்து உட்கார்ந்தது.

மாற்கு சுவிசேஷம் இதைத் தெரிந்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஐந்தாம் அதிகாரத்தில் கல்லறைகளில் திரியும் ஒருவனைப் பிடித்த பேயிடம் இயேசு பெயர் கேட்கிறார். லேகியோன் என்கிறது, ஏனென்றால் நாங்கள் அநேகர். லேகியோன் என்பது ரோமானியப் படைப்பிரிவு, ஏறத்தாழ 5,000 வீரர்கள். ஒரு நாட்டை ஆக்கிரமித்த படை ஒரு மனிதனுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அடுத்த அதிகாரத்தில் இன்னொரு 5,000 வருகிறது. வனாந்தரத்தில் கூடிய 5,000 ஆண்கள். நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் உட்காரவைக்கிறார்கள், கிட்டத்தட்ட அணிவகுப்பு. யோவானின் பதிவில் அந்தக் கூட்டம் இயேசுவைப் பிடித்து ராஜாவாக்கவே பார்க்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அது படைதான். ஆனால் அவர் அவர்களை மேய்ப்பன் இல்லாத ஆடுகளாகப் பார்த்தார் என்கிறது மாற்கு. புல்தரையில் பந்தி நடக்கிறது. ராஜாவாக்க வந்தபோது அவர் மலைக்குப் போய்விடுகிறார். மத்தேயு மட்டும் ஒரு குறிப்பைச் சேர்க்கிறார்: பெண்களையும் குழந்தைகளையும் சேர்க்காமல் 5,000. அங்கேயும் எண்ணப்படாதவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களும் சாப்பிட்டார்கள்.

*

இதெல்லாம் பழைய கதை என்றால், 2020 ஏப்ரலில் லங்காவி அருகே சுமார் 200 ரொஹிங்கியா மக்களோடு வந்த ஒரு படகை நம் கடற்படை திருப்பி அனுப்பியது. நோய்த்தொற்றுப் பயத்தில் நாடே கதவை அடைத்துக்கொண்டிருந்த நேரம். அந்த வாரங்களில் இணையத்தில் எழுதப்பட்டதைப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பாலாக் பேசிய அதே வசனங்கள். தமிழிலும் எழுதினார்கள். “இவனுங்கள விட்டா நாளைக்கு நம்ம எடத்தையே புடிச்சிருவானுங்க.” நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலின் கீழ்த்தட்டில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதியது இது. ஒடுக்கப்பட்டவனுக்கு ஒடுக்கப்பட்டவனின் வலி தானாகப் புரியும் என்பது நாம் நம்ப விரும்பும் ஒன்று. எகிப்திலிருந்து வந்தவர்களிடம் நியாயப்பிரமாணம் திரும்பத் திரும்ப, நீயும் அந்நியனாக இருந்தாய் என்று ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறது. தானாகப் புரிந்திருந்தால் அத்தனை தடவை சொல்லவேண்டிய அவசியம் என்ன?

நான் வேலை செய்யும் ஆலையில் தீயணைப்பு ஒத்திகை நடக்கும். மணி அடித்ததும் எல்லாரும் கூடுமிடத்துக்கு வந்து நிற்க வேண்டும். நிரந்தர ஊழியர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, ஒரு ஆள் குறைந்தாலும் தேடப் போவார்கள். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பன் கதையை யாரும் அங்கே சொல்வதில்லை, ஆனால் விதி அதுதான். குத்தகைத் தொழிலாளர்களுக்கு மட்டும் பல தடவை வெறும் எண். ‘காண்ட்ராக்ட், 43’ என்று எழுதி அடிக்கோடு போடுவார்கள். அந்த 43-இல் ஒருவர் மாறி இன்னொருவர் நின்றால் யாருக்கும் தெரியாது. அவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசிகள். இப்போது பெயர் எழுதும் வழக்கத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறோம். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஒரு படிவத்தில் ஒரு பத்தி கூடும், அவ்வளவுதான்.

கூட்டத்தை எண்ணவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தாவீதின் தப்பு எண்ணியதில் இல்லை, வாள்களாக எண்ணியதில். பயத்தோடு எண்ணுகிறவனுக்கு வெட்டுக்கிளி தெரியும். ஆசையோடு எண்ணுகிறவனுக்குக் கூலி தெரியும், படைவீரன் தெரியும். மூன்றாவதாக ஒரு எண்ணிக்கை இருக்கிறது, வீட்டுக்கு ஆள் வந்தால் நம் அம்மாக்கள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் செய்வது. சமாரியாவின் ராஜாவும் அன்றைக்கு அந்தப் படையை எண்ணித்தான் இருப்பான். எத்தனை பேர் என்று தெரியாமல் எப்படி உலை வைப்பது?